சாட்சிக் கூண்டில் நிற்கிறோம்: சென்னையில் இயேசுவுக்குச் சாட்சியாக வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரில் இருக்கும் ஒரு சந்தில், வழக்கறிஞர் ஒருவரிடம் முப்பத்தொரு ஆண்டுகள் குமாஸ்தாவாக வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ‘சாட்சி’ என்று கேட்ட சொல்லைத் திங்கட்கிழமை காலையில் கோர்ட்டிலும் கேட்பேன். ஆலயத்தில் சாட்சி சொல்கிறவருக்கு எல்லோரும் ஆமென் சொல்வார்கள். கோர்ட்டிலோ, தன் தரப்பு வழக்கறிஞரின் முதல் விசாரணை முடிந்தவுடன் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து குறுக்கு விசாரணையைத் தொடங்குவார். அதில் நிலைத்து நின்றால்தான் அது சாட்சியம். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து எனக்கு விளங்கியவைதான். கிறிஸ்தவ வாழ்க்கையின் குறுக்கு விசாரணையை நடத்துகிறவர்கள் மாடி வீட்டுக்காரரும், வாட்ச்மேனும், வீட்டு வேலைக்கு வரும் அக்காவும், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவரும் ஆவர்.

உயிர்த்தெழுந்த இயேசு தம் சீடர்களிடம், ‘எனக்குச் சாட்சிகளாயிருப்பீர்கள்’ என்றுதான் சொன்னார் (அப்போஸ்தலர் 1:8). மூலமொழியாகிய கிரேக்கத்தில் அந்தச் சொல் ‘மார்த்துஸ்’. அது முதலில் நீதிமன்றச் சொல். சாட்சி சொன்னதற்காகவே பலர் உயிரைக் கொடுத்த பிறகுதான் இரத்தசாட்சி என்ற பொருளும் அதனோடு சேர்ந்தது. நம்முடைய நகரத்துக்கு அந்த இரண்டு பொருளும் தெரியும். அப்போஸ்தலனாகிய தோமா கி.பி. 72இல் பரங்கிமலையில் குத்திக் கொல்லப்பட்டார் என்றும், அவருடைய உடல் மயிலாப்பூர் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டது என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கல்லறையின் மேல்தான் சாந்தோம் பேராலயம் நிற்கிறது. மற்றவர்கள் ‘கர்த்தரைக் கண்டோம்’ என்று சொன்னதை ஏற்காமல், நானே பார்க்கவேண்டும், நானே தொடவேண்டும் என்று நின்றவர் தோமா. கண்ணால் காணாததைச் சொல்லமாட்டேன் என்ற ஒரு மனிதரை நம் ஊர் தன் அப்போஸ்தலராகக் கொண்டிருப்பது எனக்கு எப்போதும் ஆறுதலாக இருந்திருக்கிறது.

முதல் படி: உங்கள் சாட்சியம் எது என்று கண்டுபிடியுங்கள்

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் அறுபதாம் பிரிவில் வகுத்த விதி எளிமையானது: வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்கவேண்டும். பார்த்ததைப் பற்றிய சாட்சியமானால் பார்த்தவரே சொல்லவேண்டும். கேட்டதைப் பற்றியதானால் கேட்டவரே சொல்லவேண்டும். 2024 ஜூலை முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டாலும் அந்த விதி மாறவில்லை. நம்மில் பலருடைய சாட்சியோ செவிவழிச் சாட்சியம். யூடியூபில் கேட்ட ஊழியரின் அற்புதமும் வாட்ஸ்ஆப்பில் வந்த கதையும் நம் வாயில் சுற்றிக்கொண்டிருக்கும். நமக்கு இயேசு என்ன செய்தார் என்று யாராவது கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இயேசுவை நம்புவதற்கு முன்பு, அல்லது நம்பிக்கை வெறும் பழக்கமாக மட்டும் இருந்த காலத்தில், நான் எப்படி இருந்தேன்? எந்த இடத்தில், எந்த நிகழ்வில் அவர் எனக்கு மெய்யானவராக ஆனார்? அதற்குப் பிறகு, என் வீட்டில் இருப்பவர்களும் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு மாறியது எது? மூன்றாவது கேள்விக்கு எழுதிய பதிலை மனைவியிடமோ கணவரிடமோ காட்டிவிட்டு, அவர் ‘இது இல்லை’ என்று சொல்லும் வரிகளை அடித்துவிட வேண்டும். இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

நான் எழுதியபோது ஒன்பது பக்கம் வந்தது. அடித்த பிறகு பதினொரு வரி மிஞ்சியது. என் தம்பி இருபத்தாறு வயதில் இறந்தான். அந்தக் கோபத்தில் எட்டு மாதம் நான் ஆலயத்தின் வாசலை மிதிக்கவில்லை. அம்மாவின் வற்புறுத்தலுக்காக ஒரு புனித வெள்ளியன்று மும்மணி ஆராதனைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சிலுவையின் நான்காம் வார்த்தையாகிய ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ வாசிக்கப்பட்டது. எட்டு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை எனக்கு முன்பே அவர் கேட்டிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. துக்கம் போய்விடவில்லை. ஆனால் அந்தத் துக்கத்துக்குள் நான் தனியாக இல்லை என்பதை அன்று அறிந்தேன். இன்றுவரை அந்த அறிவு என்னை விட்டுப் போகவில்லை. இவ்வளவுதான் என் சாட்சியம். பிறவிக் குருடனாயிருந்து பார்வை பெற்றவனும், பரிசேயர் அவனை மடக்கி மடக்கிக் கேட்டபோது, தான் குருடனாயிருந்ததும் இப்பொழுது காண்கிறதும் ஆகிய இது ஒன்றுதான் தனக்குத் தெரியும் என்று சொல்லி நின்றான் (யோவான் 9:25). தெரியாததைச் சேர்த்துச் சொல்லாததால்தான் அவனை யாராலும் அசைக்க முடியவில்லை.

எழுதியதை இன்னொரு முறை படித்து, ஆலயத்துக்குள் மட்டும் வழங்கும் சொற்களை மாற்றுங்கள். இரட்சிப்பு, அபிஷேகம், பாரம், கிருபை ஆகியவை நமக்கு உயிரான சொற்கள். ஆனால் எதிர்வீட்டு அம்மாவுக்கு அவை வேறெங்கோ வழங்கும் தமிழ். ‘நான் இரட்சிக்கப்பட்டேன்’ என்பதை, ‘நான் செய்த தவறுகளைக் கடவுள் மன்னித்து என்னைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்’ என்று சொல்லலாம். எழுதுவதற்கே ஒன்றும் இல்லை என்று தோன்றினால் பயப்படவேண்டாம். மாற்கு சுவிசேஷத்தில் பதினாறு அதிகாரங்கள் இருக்கின்றன. நாளுக்கு ஒன்றாக, இயேசு யார் என்ற கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பதினாறு நாட்கள் வாசியுங்கள். வேதாகமம் முழுவதிலும் 1,189 அதிகாரங்கள் இருப்பதால் ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்று நான்கு அதிகாரங்கள் தேவைப்படும். அந்தப் பெரிய திட்டத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தன்னிடம் ஒன்றும் இல்லை என்று அறிந்து தேடுகிறவர், இருப்பதாக நடிப்பவரைவிட எவ்வளவோ நல்ல சாட்சி.

இரண்டாம் படி: பணக் கணக்கைத் தீருங்கள்

வாய் திறப்பதற்கு முன் இதைச் செய்யவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வரி வசூலிப்பவனாகிய சகேயுவின் வீட்டில் இயேசு விருந்துக்கு அமர்ந்தபோது அவன் பிரசங்கம் செய்யவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்றான் (லூக்கா 19:8). அந்த ஊரில் அவனுடைய மனந்திரும்புதலைச் சந்தேகிக்க அதன் பிறகு யாருக்கும் காரணம் இருந்திருக்காது.

சென்னையில் கிறிஸ்தவனின் சாட்சி அதிகமாகக் கெடுவது வாடகை, கைமாற்று, சீட்டு, வீட்டு வேலையாட்களின் சம்பளம் ஆகிய நான்கு இடங்களில். கைமாற்றாக வாங்கியதைச் சொன்ன தேதியில் கொடுங்கள். முடியாவிட்டால், அவர் கேட்பதற்கு முன்பே நீங்களே போன் செய்து சொல்லுங்கள். சபையில் இருக்கும் பழக்கத்தைப் பயன்படுத்தி யாரையும் சீட்டிலோ தொழிலிலோ சேர்க்காதீர்கள். ‘கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது’ என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு ஐந்தாம் தேதி தருவதாகச் சொன்ன சம்பளத்தைப் பன்னிரண்டாம் தேதி வரை இழுத்தடிக்கும் வீட்டில், கூடத்துச் சுவரில் தொங்கும் வாக்குத்தத்த வசனத்தை அவர் தினமும் துடைக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நல்ல மனிதர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 1742 முதல் இந்த ஊரில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி யோகான் பிலிப் பப்ரிசியுஸ், தமிழ் வேதாகமத்துக்கும் ஞானப்பாட்டுகளுக்கும் தந்த உழைப்பை இன்றும் நாம் அனுபவிக்கிறோம். ஆனால் மிஷன் பணத்தை வட்டிக்குக் கொடுக்கும் விவகாரத்தில் அவர் சிக்கி, முதுமையில் கடன்பட்டவராகச் சிறையிலும் இருக்க நேர்ந்தது. அவருடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. பக்தி இருப்பதாலேயே கணக்கு சரியாகிவிடாது என்பதற்காகச் சொல்கிறேன். சபையின் பணம் கையில் இருக்கிறவர்கள் இரண்டு பேர் கையெழுத்தும், எழுதி வைத்த ரசீதும் இல்லாமல் ஒரு ரூபாயையும் தொடக்கூடாது.

வாடகையைப் பற்றி நான் பேசுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டின் மாடிப் பகுதியில் ஒரு பள்ளி ஆசிரியர் ஆறு ஆண்டுகள் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தார். காலி செய்தபோது, சுண்ணாம்பு, பெயின்ட், உடைந்த வாஷ்பேசின் என்று கணக்குச் சொல்லி அட்வான்ஸில் பதினான்காயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டேன். ஆறு ஆண்டுகளில் மங்கிப்போன பெயின்ட்டுக்கு அவர் பொறுப்பல்ல என்று எனக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி எழுதியிருக்கவும் இல்லை. அவர் சண்டை போடவில்லை. ‘நீங்க சர்ச்சுக்குப் போறவர்னு நம்பித்தான் சார், எதையும் எழுதி வாங்கிக்காம விட்டேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் முறையான கழிவு போகத் திருப்பித் தரவேண்டும் என்றும் கூறுகிறது. வீட்டுச் சொந்தக்காரராக இருக்கும் கிறிஸ்தவர் சட்டம் கேட்பதற்கு முன்பே இதைச் செய்பவராக இருக்கவேண்டும்.

மூன்றாம் படி: வீட்டுக்குள்ளும், சுவருக்கு அப்பாலும்

குடும்ப ஜெபம் பத்து நிமிடம் போதும். ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, பெயர் சொல்லி இரண்டு மூன்று பேருக்காக ஜெபம். பரீட்சை நேரத்தில் தூங்கி வழியும் பிள்ளையை முக்கால் மணி நேரம் முழங்காலில் நிறுத்துகிற வீட்டில் பிள்ளைகள் ஜெபத்தைக் கற்பதில்லை. அது எப்போது முடியும் என்று காத்திருக்கத்தான் கற்கிறார்கள். அப்பா கோபத்தில் சொன்ன சொல்லுக்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதை ஒருமுறை பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை.

சுவருக்கு அப்பால் இருப்பவர்களைப் பற்றி இன்னும் கவலையோடு சொல்கிறேன். அறுநூறு சதுர அடி ஃபிளாட்டில் நடக்கும் வீட்டுக் கூட்டத்துக்கு மைக்கும் ஸ்பீக்கரும் தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும்தான் எல்லை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆனால் சட்டத்தைவிட முக்கியமாக, அடுத்த வீட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கும் ஒருவர் இருக்கலாம், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் பெண் இருக்கலாம். கூட்டம் வைப்பதற்கு முந்தின நாளே அக்கம்பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டி, ‘நாளைக்குச் சாயங்காலம் ஏழிலிருந்து எட்டரை வரை எங்கள் வீட்டில் ஜெபம் இருக்கிறது, சத்தம் தொந்தரவாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். வருகிறவர்களின் செருப்பு படிக்கட்டை மறிக்காமலும், வண்டிகள் அடுத்தவர் கேட்டை மறிக்காமலும் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள். சொன்னபடி எட்டரைக்கு முடியுங்கள்.

நான்காம் படி: வேலை செய்யும் இடத்தில்

இங்கே முதல் தேவை, உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுவது (மத்தேயு 5:37). முதலாளி உள்ளே இருக்கும்போது ‘சார் வெளியே போயிருக்கிறார்’ என்று போனில் சொல்லச் சொல்வார்கள். ‘சார் இப்போது பேச முடியாத நிலையில் இருக்கிறார், என்ன விஷயம் என்று சொல்லுங்கள், தெரிவிக்கிறேன்’ என்று சொல்ல நான் பழகிக்கொண்டேன். வராத ஆட்டோவுக்குப் பில் எழுதாதீர்கள். உபவாச ஜெபத்துக்குப் போவதற்காகத் தலைவலி என்று சொல்லி லீவு எடுக்காதீர்கள். உபவாச ஜெபத்துக்காக என்றே எழுதிக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் வேலைக்குப் போங்கள்.

ஆயுத பூஜை வரும்போது பலர் தவிக்கிறார்கள். என் அனுபவத்தில், முந்தின நாள் அலுவலகத்தைக் கழுவித் துடைத்துக் கோப்புகளை அடுக்கும் வேலையில் மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் அதிகமாக நிற்கிறவரை, பூஜை நேரத்தில் ஒதுங்கி நிற்கிறார் என்பதற்காக யாரும் தவறாக நினைப்பதில்லை. வேலைக்கு வராமல் இருந்துவிட்டு, பொரியும் சுண்டலும் நீட்டுகிறவரிடம் முகத்தைச் சுளிப்பதுதான் புண்படுத்துகிறது. படைக்கப்பட்டதைச் சாப்பிடுவது பற்றி விசுவாசிகளுக்குள்ளே இரண்டு மனச்சாட்சி உண்டு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம், பத்தாம் அதிகாரங்களை வாசித்து உங்கள் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த முடிவானாலும், அன்போடு நீட்டிய கைக்கு மரியாதை கொடுத்து, இரண்டு கைகூப்பி, ‘எங்கள் வழக்கத்தில் இல்லை அண்ணே, தப்பாக நினைக்காதீர்கள்’ என்று சொல்ல எந்த வேதவசனமும் தடையாக இல்லை.

ஐந்தாம் படி: நண்பராகுங்கள்

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா பேசினார். மேல்நாட்டு மிஷனரிமார் தங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள், தங்கள் உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தார்கள் என்று நன்றியோடு சொல்லிவிட்டு, ‘எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள்’ என்று கேட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவரே ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அன்று வெள்ளைக்காரரிடம் அவர் கேட்டதை, இன்று நம் பக்கத்து வீட்டார் நம்மிடம் கேட்க முடியும். நம் துண்டுப்பிரதி அவர்கள் கைக்குப் போயிருக்கிறது, கிறிஸ்துமஸ் கேக் போயிருக்கிறது. நாம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடித்திருக்கிறோமா?

2015 டிசம்பர் வெள்ளத்தில், யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று கேட்காமல் மாடியில் இருந்தவர்கள் கீழ்வீட்டுக்காரர்களுக்கு இடம் கொடுத்தார்கள். எத்தனையோ ஆலயங்களும் பள்ளிவாசல்களும் கோயில்களும் சோறு போட்டன. அந்த நான்கு நாளில் ஏற்பட்ட நெருக்கத்தைத் தண்ணீர் வடிந்த பிறகும் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது. தெருவில் ஒரு சாவு விழுந்தால் முதலில் போங்கள். ஷாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி, கார்ப்பரேஷன் சான்றிதழ் என்று அலைவதற்கு ஆள் வேண்டும். அரசு பொது மருத்துவமனையில் உடனிருந்து பார்த்துக்கொள்ள இரவில் ஒருவர் தேவைப்பட்டால் ஒரு இரவு நீங்கள் இருங்கள். உதவியோடு எதையும் ஒட்டாதீர்கள். அரிசி மூட்டையோடு கைப்பிரதியைச் சேர்த்துக் கொடுத்தால், வாங்குகிறவர் அரிசிக்காகக் கைப்பிரதியைப் பொறுத்துக்கொள்கிறார். அப்போது இரண்டுமே அசிங்கப்படுகின்றன.

ஆறாம் படி: பேசவேண்டிய நேரத்தில் பேசுங்கள்

நல்லவனாக வாழ்ந்தால் போதும், பேசவே வேண்டாம் என்று சிலர் இப்போது சொல்கிறார்கள். கூண்டில் ஏறி மௌனமாக நிற்பவரைச் சாட்சி என்று எந்த நீதிபதியும் ஏற்கமாட்டார். நம்முடைய நல்ல நடத்தையைப் பார்க்கிறவர் நம்மைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவார். அது இயேசுவிடமிருந்து வந்தது என்று நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? எப்போது, எப்படிப் பேசுவது என்பதற்குப் பேதுரு அளவு வைத்திருக்கிறார்: விசாரித்துக் கேட்கிற யாவருக்கும், சாந்தத்தோடும் வணக்கத்தோடும், எப்பொழுதும் ஆயத்தமாக (1 பேதுரு 3:15).

கேள்வி பெரும்பாலும் எதிர்பாராத இடத்தில் வரும். ஒருமுறை தாம்பரம் ரயிலில், கூட வேலை பார்த்த ஒருவர், தன் மகள் வீட்டைவிட்டுப் போய்விட்டதைச் சொல்லிவிட்டு, மீனம்பாக்கம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே, ‘உங்க தம்பி போனப்ப நீங்க எப்படி சார் தாங்கினீங்க?’ என்று கேட்டார். பல்லாவரத்தில் அவர் இறங்கவேண்டும். என் நோட்டில் மிஞ்சிய பதினொரு வரிகளை அதற்குள் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் அவரே வந்து, ‘அந்த நாலாவது வார்த்தை எங்கே இருக்கு?’ என்று கேட்டார். மத்தேயு 27ஐ எடுத்துக் காட்டினேன். இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கும்படி உங்கள் சாட்சியத்தைப் பழகி வையுங்கள். மீதியைக் கேட்கும் உரிமை கேட்கிறவருடையது.

நோயாளிக்காக ஜெபிக்கும் முன், ‘உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா?’ என்று அனுமதி கேளுங்கள். நோயாளியோ வீட்டாரோ வேண்டாம் என்றால், சரி என்று சொல்லிவிட்டு உங்கள் வீட்டில் ஜெபியுங்கள். குணமாகிவிடும் என்று தேவன் சார்பில் நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்வது பெரிய பாவம். அப்படிச் சொல்கிற ஊழியரை உங்கள் அயலாரின் வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். மற்றவர்கள் வணங்குவதைக் கேலி செய்யவும் கூடாது. எபேசுவில் பவுலின் கூட்டாளிகளுக்கு எதிராகக் கலகம் வந்தபோது, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களல்ல என்று நகரத்து அதிகாரியாகிய சம்பிரதியே சாட்சி சொன்னான் (அப்போஸ்தலர் 19:37). நம் தெருக்காரர் நம்மைப் பற்றி அப்படிச் சொல்லக்கூடுமா என்று கேட்டுக்கொள்வோம்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, ஒருவர் தம் மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவனித்தால், இது சாட்சியின் எல்லையோடு பொருந்துகிறது: தெரிந்ததைச் சொல்வது சாட்சியின் வேலை. தீர்ப்பெழுதும் வேலை கேட்கிறவரின் மனச்சாட்சிக்கும் பரிசுத்த ஆவிக்கும் உரியது.

ஏழாம் படி: சாதியை வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள்

குறுக்கு விசாரணையில் நாம் முற்றிலும் தோற்கும் இடம் இதுதான். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபைகள் உறுதியாக, உடனடியாக, இறுதியாகக் கைவிடவேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். அதற்கு எதிர்ப்பு எழுந்த இடங்களில் நம் வேப்பேரியும் ஒன்று. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில், நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய ஆறு வாரம் ஆனபோது, வெவ்வேறு சபைப் பிரிவினர் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்தார்கள். ஆனால் அந்தத் திருவிருந்தை எடுத்துவிட்டு வந்த கையாலேயே, சாதிப் பெயரோடு ‘கிறிஸ்தவ மணமகள் தேவை’ என்று விளம்பரம் எழுதுகிறோம். ‘இயேசுவிடம் வந்தால் என்ன சார் மாறும், உங்களிலும் அதுதானே இருக்கிறது?’ என்று ஒரு தலித் இளைஞர் கேட்டால், எந்த வசனத்தைக் கொண்டு பதில் சொல்வது?

உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். பிள்ளையின் வரன் தேடும்போது சாதியைக் கேட்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம்; உறவினர் கேட்டால், கேட்கமாட்டோம் என்று தீர்மானித்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். சபைத் தேர்தலில் உங்கள் ஊர்க்காரர், உங்கள் ஆள் என்பதற்காக ஓட்டுப் போடாதீர்கள். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் ஒரே டம்ளரில் காபி கொடுங்கள். மாமனார் மாமியார் வருத்தப்பட்டால், அந்த வருத்தத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: தவறிய பிறகு

பேதுரு, பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிருக்கு நெருப்புக் காய்ந்துகொண்டு, அந்த மனுஷனை அறியேன் என்று மூன்றுதரம் சொன்னார். கோர்ட் மொழியில் அவர் பிறழ்சாட்சி, அதாவது தன் தரப்பையே கைவிட்டு மாற்றிப் பேசும் சாட்சி. அவரைத்தான் உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் கரிநெருப்பு போட்டு வைத்துக் காத்திருந்து, மூன்றுதரம் கேட்டுத் திரும்ப நிறுத்தினார். கோர்ட்டில் நான் கண்ட இன்னொன்றும் உண்டு. தனக்குப் பாதகமானதையும் ‘ஆம், அப்படித்தான் செய்தேன்’ என்று ஒப்புக்கொள்ளும் சாட்சியை நீதிபதிகள் அதிகமாக நம்பினார்கள். ஆகவே தவறினால், யாரிடம் தவறினீர்களோ அவரிடம் போங்கள். ‘ஒருவேளை உங்கள் மனம் புண்பட்டிருந்தால்’ என்று சுற்றி வளைக்காமல், செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பணமானால் பணத்தோடு போங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று ஆண்டவர் சொன்னது (மத்தேயு 5:24) இதற்குத்தான்.

பதினான்காயிரம் ரூபாயோடு நான் கொளத்தூருக்குப் போக நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த ஆசிரியர் கதவைத் திறந்து, யார் என்று அடையாளம் தெரிந்ததும், உள்ளே வரச் சொல்லி ஃபேனைப் போட்டார். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: ‘சார், அட்வான்ஸில் நான் பிடித்தது அநியாயம். அப்போதே தெரிந்துதான் செய்தேன். என்னை மன்னிக்க வேண்டும்.’ வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் கவரைப் பிரித்து நோட்டுகளை எண்ணினார். உள்ளே திரும்பி மனைவியிடம் காபி போடச் சொன்னார். பிறகு நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களைத் தனியாக எடுத்து என் கையில் வைத்தார்.

‘அந்த வாஷ்பேசினை உடைச்சது என் பையன்தான் சார். அப்ப கோபத்துல நான் அதைச் சொல்லல.’